பந்தியின் கடைசி இலை: டீபக்கரில் எல்லா த்ரெட்டுகளுக்கும் முறை கிடைக்கிறதா என்று சோதிப்பது எப்படி?

பிறகு வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். மொரீஷியஸின் எபென் சைபர்சிட்டியில் ஒரு குழு, நிரல்களில் பிழை தேட உதவும் டீபக்கரான ஜிடிபியைத் தங்கள் தேவைக்குத் திருத்தி வைத்திருக்கிறது. லினக்ஸில் பத்துப் பன்னிரண்டு த்ரெட்டுகளோடு (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளோடு) ஓடும் ஒரு நிரலை நான்-ஸ்டாப் முறையில், அதாவது ஒரு த்ரெட் நின்றாலும் மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும் முறையில், டீபக் செய்கிறார்கள். ஒரு த்ரெட்டில் 'நெக்ஸ்ட்' (அடுத்த வரிவரை ஓட்டு என்ற கட்டளை) கொடுத்த பிறகு, இன்னொரு த்ரெட் தொட்ட பிரேக்பாயின்ட், அதாவது நிரலை நிறுத்த வைத்த குறி, திரைக்கு வருவதே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டார்கள். அது மறுபடி நுழையாமல் இருக்க என்ன சோதனை எழுதுவது, 'நியாயம்' என்பதை எந்த அளவுகோலால் அளப்பது என்று கேட்கிறார்கள்.

சோதனைக்குப் போகும் முன் கோளாறின் வடிவம் மனதில் நிற்க வேண்டும். தைப்பூசக் காவடி முடிந்து கோயிலில் ஏழு கறி பரிமாறும் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுபவர் வாளியை நிரப்பிக்கொண்டு வரும்போதெல்லாம் முதல் இலையிலிருந்தே தொடங்குகிறார். முதல் இலைக்காரர் வேகமாகச் சாப்பிடுபவராக இருந்தால் ஒவ்வொரு முறையும் அவர் இலை காலியாகவே இருக்கும். வாளி அங்கேயே தீர்ந்துவிடும், கடைசி இலைக்குச் சோறே வராது. பரிமாறுபவர் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஒரே முனையிலிருந்து தேடுகிறார், அவ்வளவுதான். 'பந்திக்கு முந்து' என்று சொல்லி வைத்தவர்கள் இந்த மாதிரி ஆளைப் பார்த்திருப்பார்கள் போலும்.

லினக்ஸில் அந்தப் பரிமாறுபவர், நின்ற த்ரெட்டின் செய்தியைக் கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதியிடம்) கேட்டு வாங்கும் வெயிட்பிட் அழைப்பு. 'எந்தக் குழந்தையாக இருந்தாலும் சரி' என்று மைனஸ் ஒன்று கொடுத்து அழைத்தால், கர்னல் தன் பட்டியலை ஒரு முனையிலிருந்து நடந்துபோய், சொல்ல ஏதாவது வைத்திருக்கும் முதல் த்ரெட்டைத் தரும். டீபக்கர் அந்த ஒரு நிகழ்வை எடுத்துக் கையாண்டு, த்ரெட்டை மறுபடி ஓடவிட்டு, அடுத்த முறையும் அதே அழைப்புக்கு வருகிறது. 'நெக்ஸ்ட்' போடப்பட்ட த்ரெட் ஒற்றை அடியாக ஓடுவதால், மிகச் சில மைக்ரோசெகண்டில் அது அடுத்த நிகழ்வோடு தயாராக நிற்கும். அது பட்டியலின் முன்பக்கம் இருந்துவிட்டால் பின்னால் இருப்பவர்களின் கதை முடிந்தது.

இதோடு இன்னொன்றும் சேரும். த்ரெட் நின்றதும் கர்னல் டீபக்கருக்கு அனுப்பும் சிக்சைல்டு போன்ற சாதாரண சிக்னல்கள் வரிசையாகச் சேமிக்கப்படுவதில்லை. பத்து த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் நின்றாலும் டீபக்கருக்கு ஒரே ஒரு சிக்சைல்டு வந்து சேரலாம். 'ஒரு சிக்னல், ஒரு வெயிட்பிட்' என்று எழுதியிருந்தால் மீதி ஒன்பது நிகழ்வுகள் அடுத்த சிக்னல் வரும்வரை கர்னலிலேயே தூங்கும்.

ஜிடிபியில் இதற்கான சரியான முறை இரண்டு படிகள் கொண்டது. முதலில் தடை செய்யாத வெயிட்பிட்டைச் சுழலில் அழைத்து, இனி ஒன்றும் இல்லை என்று அது பூஜ்யம் தரும்வரை எல்லா நிகழ்வுகளையும் வெளியே இழுத்து, அந்தந்த த்ரெட்டின் கணக்கில் 'நிலுவை' என்று எழுதி வைப்பது. பிறகு நிலுவையில் உள்ளவற்றில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து மேலே அனுப்புவது. உங்கள் திருத்தமும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். சோதனை இந்த இரண்டு படிகளையும் தனித்தனியாகத் தொட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆல்-ஸ்டாப் முறையில், அதாவது ஒரு த்ரெட் நின்றால் எல்லாமே நிற்கும் முறையில், ஜிடிபி வேண்டுமென்றே பாரபட்சம் காட்டும். பயனர் அடியடியாக நகர்த்திக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்கு நிகழ்வு இருந்தால் குலுக்கல் இல்லாமல் அதற்கே முதலிடம். திரை ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பயனரைக் குழப்பக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஆல்-ஸ்டாப்பில் 'ஸ்டெப்' கொடுத்துவிட்டு நியாயம் இல்லை என்று புகார் எழுதாதீர்கள். இனிச் சொல்வதெல்லாம் நான்-ஸ்டாப்புக்கு.

முதல் சோதனை: யார் முதலில் அறிவிக்கப்படுகிறார்?

நியாயத்தைச் சோதிக்க முதலில் போட்டி வேண்டும். பெரும்பாலான சோதனைகள் தோற்பது இங்கேதான். பத்து த்ரெட்டுகளை ஓடவிட்டு ஒரு பிரேக்பாயின்ட் வைத்துவிட்டால் போட்டி நடக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு சிபியு கோர் கொடுக்கப்பட்ட கன்டெய்னரில் த்ரெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பிரேக்பாயின்ட்டைத் தொடும். ஒவ்வொன்றும் வந்தவுடன் டீபக்கர் எடுத்துவிடும். நிலுவையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்காது. பழைய கோளாறு அப்படியே இருந்தாலும் சோதனை பச்சை காட்டும்.

போட்டியை உறுதியாக உண்டாக்க எளிய வழி, டீபக்கரையே சிறிது நேரம் உறங்க வைப்பது. அதற்கு சிக்ஸ்டாப் என்ற நிறுத்தும் சிக்னலை அனுப்பினால் போதும். டீபக்கர் உறைந்து நிற்கும்போது நிரலின் த்ரெட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றும் பிரேக்பாயின்ட்டைத் தொட்டு, எடுக்க ஆளில்லாமல் அப்படியே நிற்கும். பத்தும் நின்ற பிறகு, தொடரச் சொல்லும் சிக்கான்ட் சிக்னலை அனுப்பி டீபக்கரை எழுப்பினால் பத்து நிகழ்வுகளும் ஒரே நேரத்தில் அதன் முன்னால் இருக்கும்.

நிரலை இப்படி அமையுங்கள். பத்து வேலைக்கார த்ரெட்டுகள், ஒரு மெயின். எல்லாம் சேர்ந்து பதினொரு பேருக்கான ஒரு பேரியர் (எல்லாரும் வந்து சேர்ந்தால்தான் திறக்கும் தடுப்பு). வேலைக்காரர்கள் பேரியரில் காத்திருந்து, அது திறந்ததும் ஒரு வெற்றுச் செயற்கூற்றை அழைத்து, மறுபடி பேரியருக்கு வருவார்கள். அந்த வெற்றுச் செயற்கூற்றில்தான் பிரேக்பாயின்ட். மெயின் த்ரெட் ஒரு பெயரிட்ட பைப்பிலிருந்து ஒரு பைட் படிக்கக் காத்திருக்கும். பைட் வந்தால் பேரியருக்குப் போகும்.

ஏன் பைப்? சிக்னல் போதாதா என்று தோன்றும். போதாது. டீபக் செய்யப்படும் நிரலுக்கு வரும் சிக்னல் முதலில் டீபக்கரிடம்தான் போகும். டீபக்கரோ உறங்குகிறது. மெயின் த்ரெட் சிக்னலோடு அங்கேயே மாட்டிக்கொள்ளும், பேரியர் திறக்கவே திறக்காது. இதில் அரை நாள் போய்விடும்.

ஒரு சுற்று இப்படிப் போகும். பயனர் பின்னணியில் எல்லா த்ரெட்டுகளையும் ஓடவிட்ட நிலையில், சோதனை ஸ்கிரிப்ட் டீபக்கருக்கு சிக்ஸ்டாப் அனுப்புகிறது. பைப்பில் ஒரு பைட் எழுதுகிறது. பிறகு 'ஒரு செகண்ட் தூங்கு' என்று எழுத வேண்டாம். ப்ராக் கோப்பகத்தில் அந்த நிரலின் 'டாஸ்க்' அடைவுக்குள் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு 'ஸ்டேட்டஸ்' கோப்பு இருக்கிறது. அதில் 'ஸ்டேட்' வரியில் ட்ரேஸிங் ஸ்டாப் என்று வருகிறதா என்று பாருங்கள். பத்து வேலைக்காரர்களுக்கும் அப்படி வந்த பிறகுதான் சிக்கான்ட். இந்தச் சரிபார்ப்பு இருந்தால் மெதுவான மெஷினிலும் சோதனை பொய் சொல்லாது. முதலில் அறிவிக்கப்பட்ட த்ரெட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்தும் வரும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் மறுபடி ஓடவிடுங்கள். 100 சுற்று.

டீபக்கரை ஷெல்லிலிருந்து முன்னணியில் ஓட்டினால் சிக்ஸ்டாப் வந்ததும் ஷெல் கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்கொள்ளும். டெர்மினல் உரையாடலைத் தானாக நடத்தும் எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்டின் கீழ், தனி டெர்மினலில் ஓட்டுங்கள்.

முடிவை எப்படிப் படிப்பது? ஒவ்வொரு சுற்றும் தனித்தனிக் குலுக்கல் என்பதால் இங்கே கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்ப்பிலிருந்து விலகலை அளக்கும் புள்ளியியல் சோதனை) முறையாகப் பொருந்தும். 100 சுற்றில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் எதிர்பார்ப்பது 10. கிடைத்ததற்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, 10ஆல் வகுத்து, பத்துக்கும் கூட்டுங்கள். ஒன்பது சுதந்திரப் பாகைக்கு (பத்து த்ரெட்டில் ஒன்று குறைவு) 21.67ஐத் தாண்டுவது நியாயமான குலுக்கலில் நூற்றில் ஒரு முறை நடக்கும். 27.88ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு முறை. பழைய கோளாறு இருந்தால் 100 சுற்றிலும் ஒரே த்ரெட் முதலில் வரும், அப்போது தொகை 900. இடையில் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. 27.88ஐ எல்லையாக வையுங்கள். தாண்டினால் உடனே தோல்வி என்று சொல்லாமல் 1,000 சுற்றோடு ஒருமுறை மறுபடி ஓட்டுங்கள். அதிலும் தாண்டினால் சிவப்பு.

குலுக்கலுக்குப் பயன்படும் ரேண்ட் செயற்கூறு, விதை (தொடக்க எண்) கொடுக்கப்படாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்வரிசையைத் தரும். அதனால் டீபக்கரைப் புதிதாகத் தொடங்கி ஒரே ஒரு சுற்று மட்டும் பார்த்துவிட்டு மூடி, இதையே 100 முறை செய்தால், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கும் த்ரெட்தான் வரும். பார்ப்பவருக்கு அது பழைய கோளாறு போலவே தெரியும். 100 சுற்றும் ஒரே அமர்வுக்குள் நடக்க வேண்டும். விதையை நீங்களே மாற்றுவதாக இருந்தால் அதைப் பதிவேட்டில் எழுதுங்கள், தோற்ற ஓட்டத்தைத் திரும்ப ஓட்ட அது வேண்டும்.

இதே அமைப்பில் கூடுதலாக ஒன்றைச் சோதித்துவிடுங்கள், செலவில்லை. முதல் த்ரெட் அறிவிக்கப்பட்டதும், மீதி ஒன்பது நிலுவையில் இருக்கும்போதே பிரேக்பாயின்ட்டை அழித்துவிட்டு ஓடச் சொல்லுங்கள். எக்ஸ்86இல் பிரேக்பாயின்ட் கட்டளை ஒரு பைட். அது ஓடி முடிந்த பிறகுதான் சிபியு நிற்பதால், நிரல் கவுன்ட்டர் ஒரு பைட் தள்ளி நிற்கும். நிலுவையில் போடும்போது அதை ஒன்று பின்னுக்கு இழுக்க வேண்டும், பிரேக்பாயின்ட் அழிந்துவிட்டால் நிகழ்வையே தூக்கி எறிய வேண்டும். இழுக்க மறந்திருந்தால் அந்த த்ரெட் ஒரு கட்டளையின் நடுவிலிருந்து ஓடத் தொடங்கும். பிறகு எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் சிக்இல் (செல்லாத கட்டளை) அல்லது செக்ஃபால்ட் (தவறான நினைவக அணுகல்) வரும். ஏஆர்எம்64இல் கவுன்ட்டர் நகர்வதில்லை, அங்கே இந்தக் கோளாறு தெரியாது. நிலுவை வைக்கும் முறைக்கு மாறியவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இதில்தான், நியாயத்தில் அல்ல.

இரண்டாவது சோதனை: வெள்ளத்துக்கு நடுவே ஒரு குரல்

முதல் சோதனை குலுக்கலைப் பார்க்கிறது. பயனர் அனுபவித்த கோளாறு அதைவிடக் கொஞ்சம் வேறு: நிகழ்வுகள் நிற்காமல் கொட்டும்போது ஒரு த்ரெட்டின் குரல் எத்தனை நேரத்தில் கேட்கிறது என்பது.

வெள்ளத்தை உண்டாக்க, ஒரே மூல வரியில் முடியாத லூப் ஒன்றை எழுதுங்கள்: ஒரு கொடி பூஜ்யமாக இருக்கும்வரை சுற்று, உள்ளே எதுவும் இல்லை. வரி ஒன்றே ஒன்று என்பதுதான் முக்கியம். 'நெக்ஸ்ட்' அடுத்த வரி வரும்வரை அடியெடுத்து வைக்கும். அடுத்த வரி வராது, அதனால் டீபக்கர் உள்ளுக்குள் முடிவில்லாமல் அடி வைத்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு நிகழ்வு. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிக் கொடி, எல்லாம் வாலடைல், அதாவது ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்க வேண்டியவை. ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள், இல்லாவிட்டால் கம்பைலர் லூப்பின் வரி எண்களைப் பிரித்துப் போட்டு 'நெக்ஸ்ட்' இடையிலேயே நின்றுவிடலாம். லூப்பைத் தாண்டிய அடுத்த வரியில் ஒரு வெற்றுச் செயற்கூறு, அதில் பிரேக்பாயின்ட்.

பத்து வேலைக்காரர்களுக்கும் பின்னணியில் 'நெக்ஸ்ட்' கொடுங்கள். மெயின் த்ரெட்டை ஒரு பிரேக்பாயின்ட்டில் நிறுத்தியே வைத்திருங்கள். நின்ற த்ரெட் ஒன்று இருந்தால் அதன் வழியாக நினைவகத்தில் எழுதுவது எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும். இப்போது ஒரு த்ரெட்டைத் தேர்ந்து அதன் கொடியை ஒன்றாக்குங்கள். அந்த த்ரெட் லூப்பிலிருந்து வெளிவந்து நின்றது என்ற அறிவிப்பு வரும்வரை டீபக்கர் மொத்தம் எத்தனை நிகழ்வுகளைக் கையாண்டது என்று எண்ணுங்கள். ஜிடிபியின் உள் நடப்பை எழுதும் இன்ஃப்ரன் டீபக் பதிவை இயக்கிவிட்டால் ஒவ்வொரு நிகழ்வும் த்ரெட் எண்ணோடு கோப்பில் விழும். பிறகு அடுத்த த்ரெட். பத்தையும் ஒரு முறையாவது பலிக்கடா ஆக்க வேண்டும். பட்டியலை எந்த முனையிலிருந்து தேடினாலும் மறுமுனையில் இருப்பவர் பட்டினி கிடப்பார், அவர் யாரென்று முன்கூட்டி ஊகிக்கத் தேவையில்லாமல் போய்விடும்.

எத்தனை நிகழ்வுகளுக்குள் வர வேண்டும்? இங்கே அவசரப்பட்டு 'பத்து த்ரெட், ஆகவே பத்து இருபது நிகழ்வு' என்று எழுதிவிடாதீர்கள். பலிக்கடாவும் அடியடியாகத்தான் நகர்கிறது. கொடியைப் படிக்க ஒரு கட்டளை, ஒப்பிட ஒன்று, தாவ ஒன்று என்று, வெளிவந்து நிற்க அதற்கு ஒரு முறை போதாது, எட்டுப் பத்து முறை வேண்டும். பத்து முறை வேண்டும் என்று வைத்தால், பத்தில் ஒரு வாய்ப்புள்ள குலுக்கலில் சராசரியாக 100 நிகழ்வுகள் ஆகும், திட்டவிலக்கம் 30 வரும். வரம்பை 500 என்று வையுங்கள். நியாயமான டீபக்கர் தற்செயலாகக்கூட அதைத் தாண்டாது. கோளாறுள்ள டீபக்கர் 50,000 கொடுத்தாலும் வராது.

அடுத்து, அதே பதிவிலிருந்து ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அடுத்தடுத்த இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே எத்தனை பிறர் நிகழ்வுகள் போயின என்ற இடைவெளியைக் கணக்கிடுங்கள். அதில் மிகப் பெரியதை மட்டும் பாருங்கள். 1,000 நிகழ்வுகள் கொண்ட பதிவில் வரம்பை 100 என்று வைத்தால், முழுக்க நியாயமான குலுக்கலிலும் ஏறக்குறைய 40 ஓட்டங்களுக்கு ஒன்று தோற்கும். வாரத்துக்கு ஒரு முறை காரணமில்லாமல் சிவப்பாகும் சோதனையை ஒரு மாதத்தில் யாரும் மதிக்க மாட்டார்கள். 200 என்று வைத்தால் அது பதினேழு லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும். இதுவும் மோசமான நிலைக்கான கணக்குதான். உண்மையில் இப்போதுதான் முறை கிடைத்த த்ரெட் அடுத்த நிகழ்வோடு வந்து நிற்கச் சிறிது நேரமாகும், அதற்குள் காத்திருப்பவர்களின் வாய்ப்பு கூடிவிடும்.

ஜெயின் குறியீடு போதாதா என்று கேட்பார்கள். நெட்வொர்க் வேலை செய்பவர்களுக்கு அது பழக்கம். 1984இல் ராஜ் ஜெயினும் உடனிருந்தவர்களும் முன்வைத்தது: பங்குகளின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, வர்க்கங்களின் கூட்டுத்தொகையாலும் எண்ணிக்கையாலும் வகுப்பது. ஒன்று வந்தால் முழு நியாயம். நல்ல குறியீடுதான், இந்த இடத்துக்குத்தான் ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 நிகழ்வுகளில் ஒரு த்ரெட் 910ஐயும், மற்ற ஒன்பதும் பத்துப் பத்தும் எடுத்தால் குறியீடு 0.12, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் ஒன்பது த்ரெட்டுகள் ஆளுக்கு ஏறக்குறைய 111 எடுத்து, ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால்? குறியீடு 0.9. அறிக்கையில் 0.9 என்று பார்ப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கே ஒரு த்ரெட் முழுப் பட்டினியில் கிடக்கிறது. பந்தியில் தொண்ணூறு சதவீதம் பேர் சாப்பிட்டார்கள் என்பது கடைசி இலைக்காரருக்கு எந்த ஆறுதலும் இல்லை. அதனால்தான் மிகப் பெரிய இடைவெளியைப் பாருங்கள் என்கிறேன்.

வெள்ளத்தின் பதிவில் கை-வர்க்கத்தையும் பயன்படுத்தாதீர்கள். அடுத்தடுத்த நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை, அந்த அட்டவணை எண்களுக்கு இங்கே பொருள் இல்லை.

குலுக்கலா, சுழற்சியா என்ற வாதமும் வரும். சுழற்சியில் இடைவெளி ஒருபோதும் ஒன்பதைத் தாண்டாது என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் த்ரெட்டுகள் பிறந்து இறந்துகொண்டே இருக்கும் நிரலில் பட்டியல் நகர்ந்துகொண்டே இருக்கும், 'அடுத்தவர் யார்' என்ற குறிப்பு தவறான இடத்தைக் காட்டத் தொடங்கும். வரிசையில் யார் முன், யார் பின் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மொரீஷியஸ் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறியதற்கு எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. த்ரெட் தேர்வுக்குக் குலுக்கலே நல்லது என்பது என் கருத்து. ஜிடிபியின் மேல்மட்ட நிகழ்வுச் சுழல் வேறு கதை: அங்கே டைமர்கள், கோப்பு விவரிப்பிகள், உள் கையாளிகள் என்று மூலங்கள் சிலவே. அவற்றுக்குள் சுழற்சி முறைதான் இருக்கிறது, அது போதும்.

அந்த மேல்மட்டச் சுழலையும் சோதனைக்குள் கொண்டுவாருங்கள். பயனரின் விசைப்பலகையும் ஒரு நிகழ்வு மூலம்தான். பத்து த்ரெட்டும் வெள்ளமாகக் கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சாதாரணக் கட்டளையைத் தட்டுங்கள், கன்ட்ரோல்-சியையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் பதில் பெற வேண்டும். த்ரெட்டுகளுக்குள் பூரண நியாயம் நிலவி, பயனருக்கு மட்டும் முறை கிடைக்காத டீபக்கரும் உண்டு. பதற்றத்தில் அதைக் கொன்றால், கூடவே டீபக் செய்த நிரலும் செத்துப்போகலாம்.

சோதனை எங்கெல்லாம் ஏமாற்றும்

வெள்ளம் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். சிக்னல் வெள்ளம் உண்டாக்க நினைத்து, அந்த சிக்னலை 'நிறுத்தாதே, அச்சிடாதே, கொடுத்துவிடு' என்று அமைத்தால், ஜிடிபி அதைக் கீழ்மட்டத்திலேயே நிரலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மேல்மட்டத்துக்கு ஒன்றுமே வராது. 'அச்சிடு' என்று மாற்றினால்தான் ஒவ்வொன்றும் மேலே போகும். அதேபோல, நிரல் ஓடும் மெஷினில் ஜிடிபிக்காக வேலை செய்யும் ஜிடிபி-சர்வர் வழியாக இணைத்தால், ரேஞ்ச்-ஸ்டெப்பிங் என்ற வசதி இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். ஒரு வரியின் முகவரி எல்லைக்குள் சர்வர் தானே அடி வைத்துக்கொள்ளும், ஜிடிபிக்குச் சொல்லாது. அப்போது நீங்கள் சோதிப்பது சர்வரின் நியாயத்தை மட்டும். அந்த வசதியை அணைத்து ஒரு முறை, இயக்கி ஒரு முறை என்று இரண்டையும் ஓட்டுங்கள். முதல் சோதனையை ரிமோட்டில் செய்யும்போது சிக்ஸ்டாப் போக வேண்டியது சர்வருக்கு. த்ரெட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

பிரேக்பாயின்ட்டைத் தாண்டுவதும் ஒரு வரிசை. மற்ற த்ரெட்டுகளை நிறுத்தாமல் தாண்ட, அந்தக் கட்டளையை வேறிடத்துக்கு நகலெடுத்து அங்கே ஓடவைக்கிறார்கள். டிஸ்பிளேஸ்டு ஸ்டெப்பிங் என்பது அதுதான். நகலெடுக்க இருக்கும் இடம் குறைவு, அதனால் த்ரெட்டுகள் அதற்காக வரிசையில் நிற்கும். ஒரு த்ரெட் வேலை முடிந்ததும் மறுபடி வரிசையின் தலையில் போய்ச் செருகிக்கொண்டால் அங்கேயும் பட்டினிதான். நிபந்தனை எப்போதும் பொய்யாக இருக்கும் பிரேக்பாயின்ட் ஒன்றைப் பத்து த்ரெட்டும் ஓயாமல் தொடும்படி வைத்தால் இந்த வரிசை நன்றாகச் சோதிக்கப்படும். வசதியை அணைத்தும் ஓட்டுங்கள். அப்போது ஒவ்வொரு தாண்டலுக்கும் எல்லா த்ரெட்டும் நின்று கிளம்பும், வேகம் விழும், ஆனால் இடைவெளிக் கணக்கு மாறக் கூடாது.

கடிகாரத்தை நம்பாதீர்கள். ஜிடிபி சோதனைத் தொகுப்பின் இயல்பான டைம்அவுட் 10 செகண்ட். எபெனில் டீபக்கரும் ஐரோப்பாவில் சர்வருமாக, கடலடி கேபிள் வழியாகப் போய்வர ஒரு சுற்றுக்கு 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்று என்றால் செகண்டுக்கு ஐந்து நிகழ்வுகள்தான். 500 நிகழ்வு வரம்பு 100 செகண்டாக நீளும். நான்-ஸ்டாப் நெறிமுறையில் பத்து த்ரெட் ஒன்றாக நின்றால் முதல் நிகழ்வு அறிவிப்பாக வரும். மீதியை 'அடுத்தது' என்று கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும், இனி இல்லை என்ற பதில் வரும்வரை பத்துக் கேள்விகள், அதாவது 2 செகண்ட். நியாயம் கெடாமலே சோதனை டைம்அவுட்டில் விழுந்துவிடும். சோதனையின் முடிவை நிகழ்வு எண்ணிக்கையால் தீர்மானியுங்கள். டைம்அவுட்டை, மெஷின் உறைந்தால் வெளியேறுவதற்கான கதவாக மட்டும் வைத்து, தாராளமாக நீட்டிவிடுங்கள். உங்கள் சோதனை இதைத் தாங்குகிறதா என்று அறிய வெளிநாட்டு சர்வர் தேவையில்லை, உள்ளூர் மெஷினில், லினக்ஸின் நெட்வொர்க் தாமதக் கருவியான நெட்எம் கொண்டு 200 மில்லிசெகண்ட் தாமதம் ஏற்றிப் பார்த்தால் போதும்.

நிரலுக்குள் ஒரு அலாரம் வையுங்கள், சோதனையின் டைம்அவுட்டைவிட 20 செகண்ட் கூடுதலாக. டீபக்கர் இடையில் செத்து நிரல் மட்டும் தப்பினால், பத்து த்ரெட்டுகளோடு முடிவில்லாமல் சுற்றும் அந்த அநாதை நிரல், சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினைத் தின்றுகொண்டே கிடக்கும். அடுத்து ஓடும் சோதனைகள் எல்லாம் மெதுவாகும், காரணம் யாருக்கும் தெரியாது.

கன்டெய்னரில் பிட்ரேஸ் (இன்னொரு நிரலைப் பிடித்து நிறுத்த உதவும் கர்னல் அழைப்பு) அனுமதி இருக்கிறதா என்பதையும் ஸ்கிரிப்ட்டின் முதல் அடியாகச் சோதியுங்கள். இல்லாவிட்டால் 'தோல்வி' என்று சொல்லாமல் 'சோதிக்கவில்லை' என்று சொல்லட்டும்.

கடைசியாக, சோதனையையே சோதிப்பது. உங்கள் திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டி, சிவப்பு வருகிறதா என்று பார்த்தீர்களா? அது போதாது. மூன்று வேண்டுமென்றே கெடுத்த டீபக்கர்களைக் கட்டுங்கள். ஒன்றில், குலுக்கலின் இடத்தில் எப்போதும் பட்டியலின் முதல் ஆள். இன்னொன்றில் எப்போதும் கடைசி ஆள். மூன்றாவதில் குலுக்கல் சரியாக நடக்கும், ஆனால் ஒரு குறிப்பிட்ட த்ரெட் மட்டும் பட்டியலில் சேர்க்கப்படாது, மேலே சொன்ன 0.9 கதை. முதல் இரண்டையும் முதல் சோதனை பிடிக்கும். மூன்றாவதில் முதல் சோதனை பத்தாவது த்ரெட்டின் அறிவிப்புக்காகக் காத்துக் காத்து டைம்அவுட் ஆகும், இரண்டாவது சோதனைதான் அதைப் பட்டினி என்று பெயர் சொல்லிப் பிடிக்கும். நான்காவதாக ஒன்றும் செய்யலாம்: வெயிட்பிட் சுழலை எடுத்துவிட்டு சிக்சைல்டுக்கு ஒரே ஒரு அழைப்பு. இதில் பத்தில் சிலது மட்டும் வந்து மீதி தொங்கும், முதல் சோதனையில் 'பத்தும் வரும்வரை காத்திரு' என்ற வரியை விட்டிருந்தால் இது தப்பிவிடும்.

நேர ஒதுக்கீடு: 100 சுற்றுச் சோதனையையும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு முறை வெள்ளச் சோதனையையும் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டுங்கள். 1,000 சுற்று, நெட்எம் தாமதம், டிஸ்பிளேஸ்டு ஸ்டெப்பிங் அணைத்த ஓட்டம் ஆகியவற்றை இரவுக்கு ஒதுக்குங்கள். கெடுத்த டீபக்கர்களை, த்ரெட் தேர்வு செய்யும் கோப்பில் யாராவது கைவைத்த நாளில் மட்டும் கட்டினால் போதும்.